அப்பாவின் கண்ணுக்குள் மச்சம்: கடைசி வரியில் எழுதிய நிழல்

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. குளச்சல் பக்கம் கடல்தொழில். எட்டு மாதம் முன்பு கண்புரை முகாமில் பார்த்த டாக்டர், இடது கண்ணுக்குள் மச்சம் இருக்கிறது, ஸ்கேன் எடுங்கள் என்றார். அப்பா போகவில்லை. இரண்டு கண்ணின் வெள்ளையிலும் பழுப்புப் புள்ளிகள் உண்டு, மூக்கோரம் சதையும் வளர்ந்திருக்கிறது. எங்கள் ஊர் மணலின் கதிர்வீச்சால் வந்ததா? மெலனோமா என்ற புற்றுநோய் என்றால் கண்ணையே எடுத்துவிடுவார்கள் என்று நெட்டில் போட்டிருக்கிறது. மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்து விடுகிறார். பத்து நாளாக இடது கண்ணில் ஓரமாக ஒரு நிழல் தெரிகிறது என்கிறார்.

பதில்: அந்தக் கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். உள்ளே மச்சம் இருக்கிறது என்று ஏற்கெனவே சொன்ன கண்ணில் புதிதாக நிழல் விழுகிறது. இந்த வாரமே காட்டியாக வேண்டும், முடிந்தால் நாளைக்கே.

புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. விழித்திரை கிழிந்து விலகினாலும் இப்படி ஓரத்தில் நிழல் விழும். கண் டாக்டர்களான நாங்கள் அதிகம் பார்ப்பதும் அதைத்தான். அதற்கு அவசரம் இன்னும் அதிகம், சில நாளிலேயே நடுப்பார்வை போய்விடலாம். மச்சம் கனத்து அதைச் சுற்றி நீர் கசிந்தாலும் நிழல் தெரியும். எது என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

இன்று ராத்திரி ஒன்று செய்யுங்கள். மாதக் காலண்டரைச் சுவரில் மாட்டி, அப்பாவை எதிரே உட்கார வைத்து, வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தச் சொல்லுங்கள். நடுக் கட்டத்தையே பார்க்கட்டும். கோடு நெளிகிறதா, எந்த மூலை மறைகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் தெரிகிறது என்று அவர் சாதித்தாலும் பயணத்தை மாற்ற வேண்டாம்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவு இருக்கிறது. திருவனந்தபுரத்தில் மண்டல கண் மருத்துவ நிலையமும் தூரமில்லை. முகாமில் கொடுத்த சீட்டு வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். கண்மணி விரியச் சொட்டு விட்டு அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். அன்று முழுக்க வெளிச்சம் கூசும், அப்பா பைக் ஓட்டக் கூடாது. அப்புறம் மூடிய இமைமேல் ஜெல் தடவி ஸ்கேன், வலிக்காது. மச்சத்தின் கனம் 2 மி.மீ.க்கு மேல் போயிருக்கிறதா, நீர் கட்டியிருக்கிறதா, மேலே ஆரஞ்சு நிறத் திட்டு படிந்திருக்கிறதா, பார்வை நரம்பை ஒட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவை எதுவும் இல்லையென்றால் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து வந்து காட்டச் சொல்வார்கள். கண்ணுக்குள் இருக்கும் மச்சங்களில் பெரும்பாலானவை சாகும்வரை மச்சமாகவே இருப்பவை.

சொட்டு மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. 'கண் சிவந்திருக்கு' என்றதும் எடுத்து நீட்டும் குப்பிகளில் பல ஸ்டீராய்டு கலந்தவை. சிவப்பு மாறும், ஆனால் கண்ணின் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். கடைக்காரருக்கு உங்கள் அப்பாவின் கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நிறுத்துங்கள், குப்பியையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

வெள்ளையில் இருக்கும் பழுப்புப் புள்ளிகள் நம் நிறத்தவர்களுக்குச் சாதாரணம். ஒரு கண்ணில் மட்டும் ஒரு புள்ளி தடித்து வளர்ந்தால்தான் யோசிக்க வேண்டும். மூக்கோரச் சதை வெயிலிலும் காற்றிலும் பாடுபடுகிறவர்களுக்கு வருவது, புற்றுநோய் இல்லை.

மணல் விஷயம். உங்கள் பக்கத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, மோனசைட்டில் கதிர்வீச்சு தரும் தோரியம் உண்டு. ஆனால் கண் மெலனோமாவுக்கும் அதற்கும் நிறுவப்பட்ட தொடர்பு இல்லை. இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-ல் வெளியானது. கதிர்வீச்சு கூடின இடத்தில் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. மணல் அள்ளலாமா கூடாதா என்பது வேறு வழக்கு, என் கருவியில் அதற்குப் பதில் கிடையாது.

கண் மெலனோமா அதிகம் வருவது வெளுத்த தோலும் நீலக் கண்ணும் உள்ளவர்களுக்கு. ஐரோப்பாவிலேயே ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஐந்தாறு பேருக்குத்தான். நம் நாட்டில் அதைவிட மிகக் குறைவு. பிறவியிலேயே ஒரு பக்கக் கன்னத்திலும் கண் வெள்ளையிலும் நீலச் சாம்பல் படலம் இருப்பவர்கள் மட்டும் வருடா வருடம் கண்ணைக் காட்டுவது நல்லது.

எட்டு மாதமாக அப்பா நகராததற்குக் காரணம் கண்ணை எடுத்துவிடுவார்கள் என்ற பயம்தானே? அவரிடம் சொல்லுங்கள்: மெலனோமாவாகவே இருந்தாலும், சிறியதாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் பெரும்பாலும் கண்ணை எடுப்பதில்லை. நாணயம் போன்ற வளைந்த தகடு ஒன்றைக் கண்ணின் வெளிச்சுவரில், கட்டி இருக்கும் இடத்துக்கு நேராகத் தைத்து, சில நாள் கழித்து எடுத்துவிடுவார்கள். அதிலிருந்து வரும் கதிர்வீச்சு கட்டியை அழிக்கும். ருத்தேனியம் என்ற கதிர்வீச்சு உலோகம் வைத்த இப்படிப்பட்ட தகடுகளை பாபா அணு ஆராய்ச்சி மையமே தயாரிக்கிறது. மணலின் கதிர்வீச்சுக்குப் பயந்து எழுதிய உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடுத்தரக் கட்டி உள்ள 1,317 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்குத் தகடு வைத்தார்கள், மீதிப் பேருக்குக் கண்ணை எடுத்தார்கள். உயிர் பிழைத்ததில் இரண்டு பக்கத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. கண் தங்கினாலும் பார்வை வருடங்கள் போகப் போகக் குறையலாம், அதை மறைக்க மாட்டேன். கட்டி ரொம்பப் பெரிதாகிவிட்டால் எடுக்கத்தான் வேண்டும்; செயற்கைக் கண் வைத்துவிடுவார்கள்.

இந்த நோய் பரவினால் பெரும்பாலும் கல்லீரலுக்குத்தான் போகும், சிலருக்குச் சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்தும். அதனால்தான் வயிற்று ஸ்கேன் தொடர்ந்து எடுக்கச் சொல்வோம். அங்கே போய்விட்டால் கட்டுப்படுத்துவது கடினம். கட்டி சிறியதாக இருக்கும்போது பிடித்தவர்களுக்கு அந்த ஆபத்து நன்றாகவே குறைவு.

ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போக மாட்டார், அன்றைக்குக் கூட்டிப் போகலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், ஞாயிறு ஓ.பி. இருக்காது. ஒரு நாள் தொழில் போனால் போகட்டும், காலை எட்டு மணிக்குள் அங்கே இருங்கள்.