வருடத்துக்கு ஒருமுறை மலை ஏறினால் போதுமா?

கேள்வி: வயது 47. செங்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மூன்று மாத சராசரி சர்க்கரை 6.1 என்று வந்திருக்கிறது. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு. டாக்டர் நடக்கச் சொல்கிறார். காலையிலிருந்து இரவு வரை கடையில் நின்றுகொண்டேதான் இருக்கிறேன்; கார்த்திகையில் மாலை போட்டு சபரிமலையும் ஏறுகிறேன். இதற்கு மேலும் நடக்க வேண்டுமா?

பதில்: நடக்கத்தான் வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் நின்றால் கால் வலிக்குமே தவிர, தொடைத் தசைகளுக்குப் பெரிய வேலை இல்லை. தசை சுருங்கி விரிந்தால்தான், இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

6.1 இன்னும் சர்க்கரை நோய் ஆகவில்லை. 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய கட்டம். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் இந்தக் கட்டத்தில் இருந்த 531 பேரை வைத்து ஆய்வு நடத்தி 2006இல் வெளியிட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் சீராக்கியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4.

வாரத்துக்கு 150 நிமிட வேக நடை போதும். பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது, அதுதான் வேகம். ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. மதியம் சாப்பிட்டதும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் கால் மணி நேரம், இரவு கால் மணி நேரம். சாரல் பிடித்துக்கொண்டால் மாடிப்படி இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், கையை ஊன்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்து எழுங்கள், தசைக்கு நல்லது.

இனி மலை விஷயம். மாலை போட்ட நாட்களில் சைவம், பீடி சிகரெட் கிடையாது, உடம்பு நன்றாகத்தான் இருக்கும். கழற்றிய மறுநாளே பார்டர் கடை பரோட்டாவும் கோழியும்! அது போகட்டும். வருடம் முழுக்க நடக்காத உடம்பு திடீரென நீலிமலை ஏறுவதுதான் எனக்குக் கவலை. அங்கேயும் அப்பாச்சிமேட்டிலும் இதய அவசர சிகிச்சை மையம் வைத்திருப்பது சும்மா இல்லை. உங்கள் அப்பாவுக்கு 55 வயதுக்குள்ளேயே மாரடைப்பு வந்திருப்பதால், ஐப்பசிக்குள் ரத்த அழுத்தம், கொழுப்பு, இசிஜி பார்த்துவிடுங்கள். டிரெட்மில் சோதனை தேவையா என்பதை உங்கள் டாக்டர் சொல்வார்.

ஏறும்போது நெஞ்சு அழுத்தினாலோ, குப்பென்று வியர்த்தாலோ, வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ அங்கேயே உட்கார்ந்து ஆளைக் கூப்பிடுங்கள். வாய்வு என்று சொல்லி சோடா குடித்துவிட்டு மேலே ஏறாதீர்கள், சாமி.