அளவெடுக்காத நாற்காலி

வணக்கம் ஐயா,

எனக்கு வயது 24. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு சாத்தூரில் ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறேன். என் சித்தப்பா மகள் இரண்டு வருடத்துக்கு முன் மாடியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பிளஸ் டூ முடித்தவள். ஒரு முகாமில் இலவசமாக வீல்சேர் கொடுத்தார்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்தால் முன்னால் வழுக்கிக்கொண்டு வருகிறாள், ஒரு பக்கமாகச் சாய்கிறாள். பாத்ரூம் வாசலில் நாற்காலி நுழையவில்லை. இப்போது அதன்மேல் துவைத்த துணி கிடக்கிறது. சீட்டின் அகலம் 18 இன்ச், ஆழம் 16 இன்ச். தங்கையின் இடுப்பு அகலம் 13 இன்ச். உட்கார்ந்திருக்கும்போது பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை 16 இன்ச். பாத்ரூம் கதவு 24 இன்ச். நானே வெட்டி வெல்டிங் வைத்து அகலத்தைக் குறைத்துவிடலாமா? இதையே தொழிலாக எடுத்துக்கொண்டால் என்ன படிக்க வேண்டும்? செயற்கைக் கால் செய்யும் படிப்பில் சேரச் சொல்கிறார்கள். வேலை கிடைக்குமா?

மு., சாத்தூர்

அன்புள்ள மு.,

வேலையைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் தங்கை உட்காரும் இடத்தின் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மா பார்க்கலாம், அல்லது அவரே கண்ணாடி வைத்தோ செல்போனில் படம் எடுத்தோ பார்த்துக்கொள்ளலாம். உட்காரும் எலும்புகள் இரண்டு, வால் எலும்புக்குச் சற்று மேலே, இடுப்பின் இரு பக்கவாட்டு மேடுகள், குதிகால்கள். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. கருத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். படுத்து அரை மணி நேரம் ஆகியும் அந்தத் தடம் மறையாவிட்டால் அந்த இடத்தில் மறுபடி எடை விழக்கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். நீங்கள் குஷனைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. உணர்ச்சி இல்லாதவரை வெறும் ரெக்ஸின் சீட்டில் உட்கார வைத்தால் படுக்கைப் புண் படுக்காமலே வரும்.

இனி உங்கள் கணக்கு. 13 இன்ச் இடுப்புக்கு 18 இன்ச் சீட். சீட்டின் அகலம் இடுப்பை ஒட்டி இருக்க வேண்டும். மிஞ்சினால் ஒரு இன்ச் தாராளம் போதும். இங்கே ஐந்து இன்ச் கூடுதல். அதனால்தான் சாய்கிறார். சாய்ந்தே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பக்க எலும்பில் எடை கூடும், நாளாவட்டத்தில் முதுகும் கோணும். ஆழம் இதைவிட மோசம். பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை உள்ள அளவில் 3 முதல் 6 சென்டிமீட்டர் கழித்துதான் சீட்டின் ஆழம் வைக்க வேண்டும். தங்கைக்கு 14, மிஞ்சினால் 15 இன்ச். 16 இன்ச் சீட்டின் விளிம்பு முழங்கால் மடிப்பில் இடிக்கிறது. இடிபடாமல் இருக்க உடம்பு முன்னால் நகர்கிறது, இடுப்பெலும்பு பின்பக்கம் சாய்கிறது, எடை வால் எலும்புப் பக்கம் போகிறது. வழுக்குகிறாள் என்று நீங்கள் எழுதியது இதுதான். பெல்ட் போட்டு இழுத்துக் கட்டினால் தீராது.

பாத்ரூம் கதவுக்கும் இதே அகலம்தான் காரணம். கையால் தள்ளும் நாற்காலியின் மொத்த அகலம் பொதுவாக சீட் அகலத்தைவிட எட்டு இன்ச் அதிகம் இருக்கும். 18 இன்ச் சீட் என்றால் 26. கதவோ 24, அதிலும் திறந்த கதவின் தடிமன் ஒன்றரை இன்ச் உள்ளே நிற்கும். 14 இன்ச் சீட்டுள்ள நாற்காலி 22 இன்ச்தான் வரும், நுழையும். சக்கரத்தின் வளையத்தைப் பிடித்துத் தள்ள விரலுக்கு இடம் இருக்காது; வாசலில் நிலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போகப் பழக வேண்டும்.

வெட்டி ஒட்டலாமா என்றால், வேண்டாம். மடக்கும் நாற்காலியில் அகலத்தைத் தீர்மானிப்பது சீட்டுக்குக் கீழே பெருக்கல் குறி மாதிரி நிற்கும் இரண்டு குழாய்கள். அவற்றைச் சுருக்கினால் மடங்கும் கோணம், சீட் குழாய் வந்து உட்காரும் இடம், சீட்டின் உயரம் எல்லாமே மாறும். குழாய் மெல்லியது, சாதாரண ஆர்க் வெல்டிங்கில் ஓட்டை விழும். ஓட்டை விழாவிட்டாலும் சூடுபட்ட இடத்துக்குப் பக்கத்தில் பிறகு விரிசல் விடும், அதுவும் ஆள் உட்கார்ந்திருக்கும்போது. சின்ன அளவு நாற்காலி கிடைக்கும்வரை இப்படிச் செய்யலாம்: இரண்டு பக்கமும் கெட்டியான ஃபோம் அட்டை வைத்து இடுப்பை நடுவில் நிறுத்துங்கள். முதுகுக்குப் பின்னால் ஒன்றரை இன்ச் கெட்டி ஃபோம் வைத்து ஆழத்தைக் குறையுங்கள். இதற்கும் விலை உண்டு. ஆளை முன்னால் நகர்த்தினால் எடை முன் சக்கரங்களில் ஏறும், தள்ளக் கனக்கும், சின்னக் கல்லுக்கே நிற்கும். பின் சக்கர அச்சை முன்னால் தள்ளி மாட்டத் துளைகள் இருந்தால் ஒரு துளை முன்னே கொண்டுவரலாம். முன்னே வந்தால் பின்னால் கவிழும் ஆபத்து கூடும். மாற்றிய அன்றே யாராவது பின்னால் நிற்க, தங்கை கையைத் தூக்கிப் பின்பக்கம் சாய்ந்து பார்க்கட்டும்.

குஷனுக்கு மெத்தைக் கடை ஸ்பான்ஜ் உதவாது, ஒரு மாதத்தில் சப்பையாகிவிடும். கெட்டி ஃபோம் அடியில், மெத்தென்ற ஃபோம் மேலே, உட்காரும் எலும்பு வரும் இடத்தில் பள்ளம் என்று செய்வார்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கைச் சோதனை இருக்கிறது, இந்தத் தொழிலில் முதலில் கற்க வேண்டியதும் அதுதான். ஆள் குஷனில் உட்கார்ந்திருக்கும்போது, முன்கூட்டியே சொல்லிவிட்டு, உட்காரும் எலும்புக்கு நேர் கீழே விரல் நுனியை நுழையுங்கள். விரலை மேலும் கீழும் அரை சென்டிமீட்டராவது அசைக்க முடிந்தால் பரவாயில்லை. அசைக்க முடியாமல், ஆனால் சுலபமாக உருவ முடிந்தால் கவனம் தேவை. விரல் நசுங்கி, உருவவே சிரமப்பட்டால் அந்தக் குஷன் கூடாது. இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தங்கையின் விஷயத்தில் இதை ஒரு பெண் செய்யட்டும். இரண்டு இன்ச் குஷன் வைத்தால் ஃபுட்ரெஸ்ட்டையும் இரண்டு இன்ச் ஏற்ற வேண்டும் என்பதை மறப்பவர்கள் அதிகம். ஏற்றாவிட்டால் கால் தொங்கும், தொங்கும் கால் உடம்பை முன்னால் இழுக்கும். அளவுக்கு மேல் ஏற்றினாலும் தப்பு: முழங்கால் தூக்கி நிற்கும், தொடை சீட்டில் படியாது, மொத்த எடையும் உட்காரும் எலும்பில் இறங்கும்.

மேலே எழுதியதில் பாதி மெக்கானிக் வேலை, பாதி உடம்பைப் பற்றிய அறிவு. நீங்கள் கேட்கும் தொழில் இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கிறது. நம் ஊரில் நாற்காலி செய்ய ஆள் இருக்கிறார்கள்; கான்பூரில் அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனம் 1970களிலிருந்து செய்கிறது, சென்னை ஐஐடியின் ஆர்2டி2 என்ற மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையத்திலிருந்து நியோமோஷன் போன்ற நிறுவனங்கள் வந்து அளவுக்கேற்பச் செய்து கொடுக்கின்றன. கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். பொருத்திப் பார்க்கவும், ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்க்கவும்தான் ஆள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி வீல்சேர் சேவையை எட்டுப் படியாகப் பிரித்தது. 2023இல் வந்த புதியது அதைத் தேர்வு, பொருத்தம், பயிற்சி, தொடர் கவனிப்பு என்று நான்காகச் சுருக்கியது. பல முகாம்களில் முதல் படி அரைகுறையாக நடக்கிறது, மற்ற மூன்றும் நடப்பதில்லை. அடையாள அட்டையும் வருமானச் சான்றும் சரிபார்க்கிற மேஜையில் டேப் இருப்பதில்லை.

செயற்கைக் கால் படிப்பு என்று சொன்னது புராஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்த்தோடிக்ஸ் பட்டம். இன்டர்ன்ஷிப்போடு நாலரை வருடம், பிளஸ் டூவில் அறிவியல் கேட்பார்கள், முடித்ததும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். நல்ல படிப்புதான். ஆனால் அதில் பெரும்பகுதி செயற்கை அவயவமும், பலவீனமான காலைத் தாங்கும் காலிப்பரும். வீல்சேர் ஒரு சிறு பங்கு. வீல்சேருக்கு நெருக்கமான பட்டம் ஆக்குபேஷனல் தெரபி. வீட்டுக்குள் எப்படிப் புழங்குவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுவது, வாசலில் சாய்தளம் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அவர்கள் வேலை. (அரையடிப் படிக்கு ஆறடிச் சாய்தளம் வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு. நம் கொத்தனார்கள் இரண்டடியில் முடித்துவிடுவார்கள், அதில் லூனாதான் ஏறும்.)

உங்களுக்கு என் யோசனை வேறு. 24 வயதில், கையில் தொழில் இருக்கும்போது, பட்டத்துக்குப் போகாமல் வீல்சேர் டெக்னீஷியனாக ஆவதைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அடிப்படைப் பயிற்சித் தொகுப்பு 2012இல் வந்தது, கையேடும் பயிற்சி நூலும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அடுத்த நிலைத் தொகுப்பு 2013இல் வந்தது. அது நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கு, அதாவது மூளை முடக்குவாதக் குழந்தைகள் போன்றவர்களுக்கு உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்புகள் பற்றியது. முதல் நிலை மட்டும் படித்தவர் இரண்டாம் நிலை ஆளைத் தனியாகத் தொடக்கூடாது. இந்தக் கோட்டை மீறுவதால்தான் நல்லெண்ணத்தில் செய்த நாற்காலியே குழந்தையின் முதுகைக் கெடுக்கிறது. படித்துவிட்டு, நேரில் போய்ப் பார்க்க உங்களுக்குக் கிட்டத்தில் தென்காசி ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம், தள்ளிப் போனால் பெங்களூரில் மொபிலிட்டி இந்தியா, சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் பல்வகை ஊனத்துக்கான தேசிய நிறுவனம், வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு நிலையம் இருக்கின்றன. எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். அளவெடுக்கும் மேஜைக்குப் பக்கத்தில் நிற்க அனுமதி கேளுங்கள். ஒர்க்‌ஷாப்பைச் சுற்றிப் பார்ப்பது இரண்டாவது.

டூவீலரில் கற்றதில் என்ன உதவும்? ஸ்போக்ஸ் இழுத்து ரிம் கோட்டம் எடுக்கத் தெரிந்தால் அது பெரிய சொத்து. பேரிங் அறிவு உதவும். ஆனால் இங்கே பேரிங் போவது ஓட்டத்தால் அல்ல, தண்ணீராலும் மணலாலும். முன் சக்கரம் இறுகிவிட்டது என்று வரும் நாற்காலியில் அச்சைக் கழற்றினால் பாதிக்குப் பாதி தலைமுடியும் நூலும் சுற்றிக் கயிறாகக் கிடக்கும். அதை அறுத்து எடுத்தாலே சக்கரம் சுற்றும். பிரேக் பிடிக்கவில்லை என்று வந்தால் பிரேக்கைத் தொடாமல் முதலில் காற்றைப் பாருங்கள். பிரேக்கின் கட்டை டயரை அழுத்தித்தான் பிடிக்கிறது. காற்று இறங்கினால் பிடி போய்விடும். கட்டிலுக்கு மாறும்போது நாற்காலி பின்னால் ஓடி ஆள் தரையில் விழுவது பெரும்பாலும் இதனால்தான். முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் குழாய் தரைக்கு நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். 24 இன்ச் பின் சக்கரம் கிடைக்கவில்லை என்று 22 மாட்டினால் பின்பக்கம் ஒரு இன்ச் இறங்கி அந்தக் குழாய் சாயும். முன் சக்கரம் வேகத்தில் வெடவெடவென்று ஆடும், திருப்பும்போது இழுக்கும்.

உதவாதது ஒன்று உண்டு: எல்லா வண்டிக்கும் கம்பெனி சொன்ன ஒரே செட்டிங் என்ற பழக்கம். இரண்டு காலும் தொடைக்கு மேல் இழந்தவர் உட்கார்ந்தால் முன்னால் எடையே இருக்காது, அச்சைப் பின்னுக்குத் தள்ளாவிட்டால் முதல் மேட்டிலேயே மல்லாந்துவிடுவார். நன்றாக ஓட்டத் தெரிந்த இளைஞருக்கு அதே அச்சை முன்னால் வைத்தால்தான் தோள்பட்டை பிழைக்கும். வளையத்தின் உச்சியில் கை வைக்கும்போது முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடிய வேண்டும். எட்டிப் பிடித்துத் தள்ளுகிறவர் சில வருடத்தில் தோள்வலியோடு வருவார், அவருக்குக் காலும் அந்தத் தோள்தான்.

சம்பளம்? ஆரம்பத்தில் இப்போது வாங்குவதைவிடக் குறையலாம். தொண்டு நிறுவனம், மறுவாழ்வு மருத்துவமனை, உபகரணம் விற்கும் கடை, தயாரிக்கும் கம்பெனியின் சர்வீஸ் பிரிவு, அரசின் மையங்கள் என்று இடம் உண்டு. பலவும் ஒப்பந்த வேலை. கடை விற்பனையில் காசு அதிகம். அங்கே ஸ்டாக்கில் இருக்கும் 18 இன்ச்சைத் தள்ளிவிடச் சொல்வார்கள், அதற்கு மறுத்துப் பேச அளவுகளை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். தனிக் கடை உடனே போடாதீர்கள். இப்போதைய வேலையை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பழுதுபார்ப்பில் தொடங்குங்கள். ட்யூப், டயர், முன் சக்கர பேரிங், பிரேக் செட், சீட் துணி இவ்வளவு கையிருப்பு போதும். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு நோட்டுப் பக்கம்: ஒரு வாரம், ஆறு வாரம், ஆறு மாதம் என்று திரும்பப் பார்க்கும் தேதி. வளரும் பிள்ளை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம்.

தங்கையையும் இந்தக் கணக்கில் சேருங்கள். நாற்காலியை ஓட்டக் கற்றுக்கொடுப்பது தனி வேலை. அதை நாற்காலியில் இருப்பவரே கற்றுக்கொடுத்தால் புதியவர்கள் நம்புவார்கள். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, வீல்சேரில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் தொடங்கியதும் அவரால்தான். அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தங்கைக்கு முதலில் சரியான நாற்காலி வரட்டும், பிறகு பேசிப் பாருங்கள்.

அந்த நாற்காலிக்கு: விருதுநகர் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனு கொடுங்கள். ஏற்கெனவே வாங்கியவருக்கு மறுபடி கொடுக்க இடைவெளி விதி உண்டு, ஆகவே பிசியோதெரபிஸ்ட் அல்லது டாக்டரிடம் பொருத்தம் இல்லை என்று எழுதி வாங்கி, ஐந்து அளவுகளையும் சேருங்கள்: இடுப்பு அகலம், பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை ஆழம், முழங்கால் மடிப்பிலிருந்து பாதம், சீட்டிலிருந்து விலாவின் கீழ்முனை, சீட்டிலிருந்து தோள்பட்டை எலும்பின் கீழ்முனை. ஆழத்தையும் காலையும் இரு பக்கமும் எடுங்கள். கட்டிலில் வைத்து எடுக்காதீர்கள், மெத்தை அமுங்கும். பலகையில் உட்கார வைத்து, சாயாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, பாதம் தரையில் படிந்திருக்க, இடுப்பின் இரு பக்கமும் தடித்த புத்தகம் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி இரண்டுக்கும் நடுவே அளக்க வேண்டும். உடம்பின் வளைவில் டேப்பைச் சுற்றி எடுத்திருந்தால் உங்கள் 13 இன்ச் தப்பாக இருக்கும். மறுபடி எடுத்து அனுப்புங்கள். பக்கவாட்டில் நின்று எடுத்த ஒரு படமும் வேண்டும், தங்கைக்குச் சம்மதம் இருந்தால்.