முட்டி ஜவ்வு கிழியாம இருக்க என்ன பண்ணலாம்?

கேள்வி: டாக்டர், என் பொண்ணுக்கு 15 வயசு, ஸ்கூல் டீம்ல ஃபுட்பால் ஆடுறா. அவ கூட ஆடுற பொண்ணுக்கு முட்டியில ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன் வரைக்கும் போயிடுச்சு. யாரும் இடிக்கக்கூட இல்லையாம், சும்மா திரும்புனப்போ 'டப்'னு கேட்டுச்சாம். நீகேப் வாங்கிக் குடுத்தா போதுமா, இல்ல விளையாட்டையே நிறுத்திடவா?

பதில்: தயவுசெஞ்சு நிறுத்தாதீங்கம்மா. முட்டிக்குள்ள எலும்புகளைச் சேர்த்துப் பிடிச்சிருக்கிற ஏசிஎல்னு சொல்ற ஜவ்வு கிழியறது பாதிக்கு மேல யாரும் இடிக்காமத்தான் நடக்குது, வேகமா ஓடிட்டு சடார்னு திரும்பும்போதோ குதிச்சு இறங்கும்போதோ பாதம் தரையில ஊனியிருக்கும், முட்டி மட்டும் உள்பக்கமா சாஞ்சு திருகிக்கும், அவ்ளோதான். ஃபுட்பால்ல பசங்களை விட பொண்ணுங்களுக்கு இது ரெண்டு மடங்காவது அதிகம். ஆனா இறங்குற விதத்துல வர்ற பிரச்சனைங்கறதால பழக்கி மாத்த முடியும், அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

ஃபிஃபாவோட '11 ப்ளஸ்' வார்ம்-அப் பத்தி கோச்சுகிட்ட கேளுங்க. மொத்தமே 20 நிமிஷம்: 8 நிமிஷம் மெதுவா ஓட்டம், 10 நிமிஷம் தொடை, இடுப்பு, பேலன்ஸ், குதிக்கிற பயிற்சி, கடைசி 2 நிமிஷம் கொஞ்சம் வேகமா ஓடணும். நார்வேல உங்க பொண்ணு வயசுப் பொண்ணுங்ககிட்டயே இதைப் பண்ணிப் பார்த்து 2008ல ரிசல்ட் வந்துச்சு, பெரிய காயங்கள் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருந்தது. ஒழுங்கா விடாம செஞ்ச டீமுக்குத்தான் பலன் அதிகம், மேட்ச் அன்னிக்கு மட்டும் பண்ணா வேலைக்கு ஆகாது.

வீட்ல ஒண்ணு பண்ணுங்க, ஒரு படியிலேர்ந்து குதிக்கச் சொல்லி முன்பக்கமா நின்னு ஃபோன்ல வீடியோ எடுங்க. இறங்கறப்போ ரெண்டு முட்டியும் ஒண்ணையொண்ணு பார்த்து உள்ள வருதா, 'தொம்'னு சத்தம் வருதா? வந்தா இடுப்பைக் கொஞ்சம் பின்னால தள்ளி, முட்டியை மடக்கி, முட்டி கால்விரல் பக்கமே பார்க்கிற மாதிரி சத்தமில்லாம இறங்கப் பழக்குங்க. தொடை பின்பக்க தசையையும் விடக்கூடாது, முட்டி போட்டு நிக்க வெச்சு ஒருத்தர் கணுக்காலைப் பிடிச்சுக்க, உடம்பை நேரா வெச்சு மெதுவா முன்னால சாயச் சொல்லுங்க. முதல்ல கொஞ்சமா போதும், மறுநாள் நல்லா வலிக்கும்.

நீகேப் ஒரு கதகதப்பு, கொஞ்சம் தைரியம் தரும். அந்தத் திருகலை அது தடுக்காது.

'டப்'னு சத்தம் வந்து சில மணி நேரத்துல முட்டி வீங்குனா அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுதுன்னு வெச்சுக்கணும், நடக்க முடிஞ்சாலும் சரி, டாக்டர்கிட்ட காட்டிடணும். ஆபரேஷன் ஆன பொண்ணோட வீட்லயும் சொல்லுங்க, 9 மாசத்துக்கு முன்னாடி மேட்ச் ஆட அனுப்ப வேணாம், சீக்கிரம் போனா திரும்பக் கிழியற வாய்ப்பு ரொம்ப அதிகம்.

கேள்வி: ஸ்குவாட் (முட்டியை மடக்கி உக்காந்து எழுந்திருக்கிற பயிற்சி) பண்றப்போ முட்டி கால்விரலைத் தாண்டவே கூடாதுங்கறாங்களே?

பதில்: கொஞ்சம் தாண்டலாம், படி இறங்கறப்போ தினமும் தாண்டத்தானே செய்யுது. குதிகால் தரையை விட்டு எழும்புதா, முட்டி உள்ள சாயுதா, இதைப் பாருங்க. வெயிட்டை மட்டும் அவசரப்பட்டு ஏத்தாதீங்க.