‘புத்தம் புது காலை விடியாதா’ பார்க்கலாமா? கேள்விகளும் பதில்களும்

அமேசான் பிரைமில் 2020 அக்டோபரில் ‘புத்தம் புது காலை’ வந்தது. ஐந்து இயக்குநர்கள், ஐந்து சின்னக் கதைகள், எல்லாம் ஊரடங்குக் காலத்தில் நடப்பவை. 2022 பொங்கலுக்கு ‘புத்தம் புது காலை விடியாதா’ என்று அதன் அடுத்த பாகம் வந்தது. இதைப் பார்க்கலாமா, வேண்டாமா என்று நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

முதல் பாகம் பார்க்கவில்லை. நேராக இரண்டாவதைப் பார்த்தால் புரியுமா?

தாராளமாகப் புரியும். முதல் பாகத்தின் பாத்திரங்கள் யாரும் இதில் வருவதில்லை. தொடர்வது தலைப்பும் ஊரடங்கும்தான். இயக்குநர்கள்கூட வேறு ஐந்து பேர்.

முதல் பாகம் எனக்கு ஒட்டவே இல்லை. பெரிய பெரிய வீடு, சாப்பாட்டுக்குக் கவலை இல்லாத ஆட்கள். இதுவும் அப்படித்தானா?

உங்கள் கோபம் நியாயமானது. 2020 மார்ச் 24 இரவு 21 நாள் ஊரடங்கு அறிவித்தார்கள். அப்புறம் நெடுஞ்சாலைகளில் மூட்டை முடிச்சோடு நடந்துபோனவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த வருடத்தைப் பற்றிய படத்தில் அவர்களுடைய நிழல்கூட விழவில்லை என்பது எனக்கும் உறுத்தியது. அதில் கார்த்திக் சுப்பராஜின் ‘மிராக்கிள்’ கதை மட்டும் இரண்டு திருடர்களின் பின்னால் போனது. கட்டுப்பாடுகளுக்கு நடுவே, சில ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு எடுத்த படம் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளேயே கதை சுற்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் பாகம் கொஞ்சம் தெருவுக்கு வருகிறது. பாலாஜி மோகனின் ‘முகக்கவச முத்தம்’ கதையில் நாயகனும் நாயகியும் ஊரடங்குப் பணியில் நிற்கும் காவலர்கள். ‘தி மாஸ்க்’ கதையில் ஒரு ரவுடி வருகிறார். ஆனாலும் தினக்கூலி நின்றுபோன ஒரு வீட்டின் கதை இதிலும் இல்லை. அதைத் தேடிப் போனால் ஏமாந்துதான் வருவீர்கள்.

முதல் பாகத்தில் சுதா கொங்கரா, கௌதம் மேனன், சுஹாசினி, ராஜீவ் மேனன், கார்த்திக் சுப்பராஜ் என்று எல்லாம் பெரிய பெயர்கள். இதில் அப்படி இல்லையே. எதை நம்பி உட்காருவது?

பெயரை நம்பி உட்கார வேண்டாம் என்பதற்கு நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘நவரசா’ தொகுப்பே போதும். 2021 ஆகஸ்டில் ஒன்பது கதைகள், பெரிய பெரிய ஆட்கள். ஆனால் முழுதாக மனதில் தங்கியவை எத்தனை என்று கேட்டால் என்னால் ஒரு கை விரல்களைக்கூட மடக்க முடியவில்லை. அரை மணி நேரக் கதை என்பது வேறு கைத்தொழில். முழுநீளப் படத்தில் இருபது நிமிடம் எடுத்துச் செய்வதை இங்கே ஒரு பார்வையில் முடிக்க வேண்டும். அது தெரிந்தவரா என்றுதான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் இந்த ஐவரில் இருவரை நான் முன்கூட்டியே நம்பினேன். ஹலிதா ஷமீம் 2019இல் ‘சில்லுக் கருப்பட்டி’யில் நான்கு கதைகளையும் தானே இயக்கியவர். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மதுமிதா அதே வருடம் ‘கே.டி.’ எடுத்தவர். ஒரு முதியவரும் ஒரு சிறுவனும் சேர்ந்து சுற்றும் படம். வயதானவர்களை அவசரப்படுத்தாமல் பார்க்கிற பொறுமை அவரிடம் இருக்கிறது. இந்தப் பாகத்தின் சிறந்த இரண்டு கதைகளும் இவர்கள் எடுத்தவைதான்.

கதையைப் பார்த்தபிறகு நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்று உண்டு. அதிலிருந்து ஊரடங்கை உருவிப் பார்ப்பேன். கதை அசையாமல் அப்படியே நின்றால், ஊரடங்கு வெறும் தோரணம். ஹலிதாவின் ‘லோனர்ஸ்’ கதையில் லிஜோமோல் ஜோஸும் அர்ஜுன் தாஸும் இணையம் வழியே அறிமுகமாகிப் பேசிக்கொள்கிறார்கள். வெளியே போக முடியாத காலம் இல்லையென்றால் அந்தப் பேச்சே நடந்திருக்காது.

மதுமிதாவின் ‘மௌனமே பார்வையாய்’ இன்னும் நுட்பம். நதியாவும் ஜோஜு ஜார்ஜும் கணவன் மனைவி. ஒரே வீட்டில் இருந்தாலும் பேச்சு நின்றுவிட்டது. வேண்டியதை எழுதிக் காட்டிக்கொள்கிறார்கள். இது எந்த வருடத்திலும் நடக்கக்கூடியதுதானே என்று தோன்றும். ஆனால் ஒருநாள் மனைவிக்கு இருமல் வருகிறது. 2021இல் ஒரு வீட்டுக்குள் கேட்ட இருமலுக்கு என்ன அர்த்தம் இருந்தது என்று நமக்குத் தெரியும். வசனம் இல்லாமலே ஜோஜுவின் முகத்தில் அந்தப் பயம் ஏறுவதைப் பாருங்கள். முழுப் படத்துக்கும் இந்த ஒரு கதையே போதும் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

சூர்யா கிருஷ்ணாவின் ‘தி மாஸ்க்’ இந்த நுட்பத்தில்தான் தடுக்குகிறது. தன் பாலின ஈர்ப்பைப் பெற்றோரிடம் மறைத்து வாழும் ஓர் இளைஞன், முகமூடி என்கிற உவமை. எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் உவமையைக் கதை சொல்வதற்குள் தலைப்பே சொல்லிவிடுகிறது.

எந்த வரிசையில் பார்ப்பது?

இந்தப் பாகத்தின் கதைகள் தனித்தனி அத்தியாயங்கள், அதனால் வரிசை உங்கள் கையில். முதலில் ‘மௌனமே பார்வையாய்’, அடுத்து ‘லோனர்ஸ்’. ஒரே மூச்சில் ஐந்தையும் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

2021 மே மாதம் கொரோனாவில் அப்பா போய்விட்டார். பக்கத்தில் இருக்கக்கூட முடியவில்லை. இதை என்னால் பார்க்க முடியுமா?

இப்போதே பார்க்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை அம்மா. ரிச்சர்ட் ஆண்டனியின் ‘நிழல் தரும் இதம்’ நேராக அந்த இடத்தைத்தான் தொடுகிறது. அப்பாவோடு நெருக்கம் விட்டுப்போன ஒரு பெண், அவர் இறந்த செய்தி கேட்டு வீட்டுக்குத் திரும்புகிறாள். ஐஸ்வர்யா லட்சுமி நடித்திருக்கிறார். கதையாக அது நிறைய சொல்வதில்லை. துக்கம் மனதுக்குள் எப்படிச் சுழல்கிறது என்பதைக் காட்சிகளாக்கப் பார்க்கிறது. சிலருக்கு அது ஆறுதல், சிலருக்கு மூச்சு முட்டும். அதைக் கடைசிக்கு வையுங்கள். தனியாகப் பார்க்க வேண்டாம், கூட ஒருவர் இருக்கட்டும். பாதியில் நிறுத்தத் தோன்றினால் நிறுத்திவிடுங்கள்.

‘முகக்கவச முத்தம்’ கொஞ்சம் லேசானது. கௌரி கிஷனும் டீஜேயும் நடித்த காதல் கதை. உங்களுக்கு அதிலிருந்து தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன்.

அம்மா அப்பாவோடு சேர்ந்து பார்க்கலாமா?

பார்க்கலாம். முகம் திருப்ப வைக்கும் காட்சிகள் கிடையாது. ‘தி மாஸ்க்’ முடிந்ததும் வீட்டில் ஒரு பேச்சு வரலாம், வந்தால் நல்லதுதான்.

சரி, இரண்டு பாகத்தில் எது மேல்?

தனிக் கதையாக என்றால், முதல் பாகத்தில் சுதா கொங்கராவின் ‘இளமை இதோ இதோ’வுக்குப் போட்டி குறைவு. நடுவயதைத் தாண்டிய ஜெயராமும் ஊர்வசியும் காதலிக்கும்போது இளைஞர்களான காளிதாஸும் கல்யாணியுமாக மாறிவிடுகிற அந்த ஒரு யோசனையே மொத்தக் கதையையும் தூக்கி நிறுத்துகிறது. மற்ற நான்கும் அந்த உயரத்துக்கு வரவில்லை.

முழுப் படமாக என்றால் என் ஓட்டு இரண்டாவதுக்கு. முதல் ஊரடங்கில் இதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. ‘புத்தம் புது காலை’ என்ற தலைப்பிலேயே அந்த நம்பிக்கை தெரிகிறது. இரண்டாம் அலைக்குப் பிறகு வந்த படம் அந்தக் காலையோடு ‘விடியாதா’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கேட்கிறது. அந்தக் கேள்வி ஐந்தில் மூன்று கதைகளிலாவது உண்மையாகக் கேட்கிறது.