தொலைக்காட்சியின் வரலாற்று, மர்ம ஆவணப்படங்களை நம்பி வரலாறு கற்கலாமா?

உங்கள் வீட்டிலும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஒன்று இரவுச் சாப்பாட்டுத் தட்டோடு அந்த அலைவரிசைகளின் முன் அமர்ந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியை இவ்வளவு கவலையோடு கேட்டிருக்க மாட்டீர்கள். அவற்றை நம்பி வரலாறு கற்க வேண்டாம் என்பதே என் பதில். இதை நீட்டி எழுதுவதற்குக் காரணம் என் பெரியப்பா.

நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர்கள். நகரை ஒட்டிய ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்த பெரியப்பாவை, 1943-ஆம் ஆண்டு தொடக்கத்தில், அவருடைய 17-ஆவது வயதில், இரண்டாம் உலகப் போரின்போது சயாம்–பர்மா ரயில் பாதை போடும் வேலைக்காக ஜப்பானியர் சயாமுக்குக் (இன்றைய தாய்லாந்துக்கு) கொண்டு சென்றனர். விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், நின்றவர்களிடம், மூன்று மாத வேலை, நாள் கூலி, அரிசிச் சாப்பாடு என்று தோட்டத்து எழுத்தரான கிராணியார் அறிவித்தாராம். அவர்களுடைய லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) மட்டும் 12 பேர் சரக்கு வண்டியில் ஏற்றப்பட்டனர். பான் போங்கில் இறக்கப்பட்டு, அங்கிருந்து குவாய் நொய் ஆற்றோரமாகக் காட்டுக்குள் நாள்கணக்கில் நடந்தனர். அவ்வாண்டு மழைக்காலத்தில் முகாம்களில் வாந்திபேதி பரவியது. போர் முடிந்த பிறகு திரும்பி வந்தவர்கள், பெரியப்பாவையும் சேர்த்து மூவர்தாம். காலில் புண் தின்ற தழும்பு, முழங்காலுக்குக் கீழே ஒரு கை அகலத்திற்கு, அவர் இறக்கும்வரை இருந்தது.

2009-இல் ஒரு படப்பிடிப்புக் குழுவினர், மரண ரயில் பாதை என்று பெயர் பெற்ற அந்தப் பாதையைப் பற்றி ஆவணப்படம் எடுப்பதாகக் கூறி, தெரிந்த ஆசிரியர் ஒருவர் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தனர். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. பெரியம்மா வெற்றிலைத் தட்டு வைத்து வரவேற்றார். அதுவரை எங்களிடம்கூடத் துண்டு துண்டாக மட்டுமே பேசியிருந்த பெரியப்பா, அன்று கேமராவின் முன் மூன்று மணி நேரம் இடைவிடாமல் பேசினார். திரும்பி வராத ஒன்பது பேரின் பெயர்களையும், அவரவர் வீட்டு எண்ணோடும் தகப்பனார் பெயரோடும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதை எழுதி வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. கேமராவில்தான் பதிவாகிறதே என்று இருந்துவிட்டேன்.

கடைசியாக அவர்கள் கேட்ட கேள்வி, இரவில் முகாமில் என்ன சத்தம் கேட்கும் என்பது. வாந்திபேதிக்காரர்களைத் தனியே ஓலை வேய்ந்த ஓர் அத்தாப்புக் குடிசையில் போட்டுவிடுவார்கள் என்றும், தண்ணீர் கேட்டு அவர்கள் அழுவது விடிய விடியக் கேட்கும் என்றும், கிட்டே போனால் காவலன் அடிப்பான் என்றும் பெரியப்பா சொன்னார்.

படம் ஒளிபரப்பான இரவு, லயத்து வீட்டுக் காலத்திலிருந்தே பழகிய அண்டை வீட்டார் எல்லாரும் எங்கள் வரவேற்பறையில் கூடியிருந்தனர். ஏறக்குறைய 45 நிமிடப் படத்தில் பெரியப்பா 40 வினாடி வந்தார். மூங்கில் காடு, பனிமூட்டம், உடுக்கை போன்ற ஓர் இசை. அதன் நடுவே அவருடைய முகம். ‘விடிய விடிய அழுகுரல் கேட்கும்’ என்ற ஒரு வரி மட்டும் எஞ்சியிருந்தது. குடிசையும் தண்ணீரும் காவலனும் வெட்டப்பட்டுவிட்டன. அடுத்த நொடியே பின்னணிக்குரல், ‘மாண்டவர்களின் ஆவிகள் இன்றும் இப்பாதையில் அலைகின்றனவா?’ என்று கேட்டது. ஒன்பது பெயர்களில் ஒன்றுகூட வரவில்லை. படம் முடிந்ததும் பெரியப்பா என்னைப் பார்த்து, “ஏன்யா, நான் பேய்க்கதையா சொன்னேன்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பேய்க்கு இடம் கொடுத்த அந்தப் படத்தில் எவற்றுக்கு இடம் இல்லாமல் போயிற்று என்பதைப் பாருங்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர். இறந்தோர் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களோ 1,80,000-க்கும் அதிகம் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டிருக்கலாம் என்பர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் அவர்களுள் பெருந்தொகையினர். கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர்கள் இருந்தனர், இரகசியமாகவேனும் பதிவேடு எழுதினர். நம்மவர்களுக்கு அப்படி யாரும் இல்லாததால்தான் எண்ணிக்கையே மதிப்பீடாக நிற்கிறது. தாய்லாந்தின் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் இன்றும் பேணப்படுகின்றன. அது நியாயமான மரியாதை. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால், நம்மவர்கள் இறந்ததற்குச் சாட்சி சொல்ல உயிரோடிருந்த மனிதர்களின் பேச்சே மிஞ்சியிருந்தது. அந்தப் பேச்சைத்தான் வெட்டினார்கள்.

எல்லா ஆவணப்படங்களையும் நான் பழிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வரலாற்றுப் பட்டதாரி அல்லன். செம்பனை ஆலையில் கணக்கு எழுதுகிறவன். பொறுமையாக எடுக்கப்பட்ட நல்ல படங்கள் எனக்கும் நிறையக் கற்பித்திருக்கின்றன. பேயைக் காட்டியாவது இளைஞர்களை வரலாற்றின் பக்கம் இழுக்கிறார்களே என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால், படம் வந்த மறுநாள் எங்கள் தெருப் பிள்ளைகள் பெரியப்பாவிடம் வந்து, பேயை நேரில் பார்த்தீர்களா என்றுதான் கேட்டனர். எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. 2012-இல் அனிமல் பிளானட் கடற்கன்னிகளைப் பற்றியும், 2013-இல் டிஸ்கவரி மெகலடான் என்னும் அழிந்துபோன சுறாவைப் பற்றியும் ஆவணப்பட வடிவில் ஒளிபரப்பியவற்றில், விஞ்ஞானிகளாகத் தோன்றியவர்கள் நடிகர்கள். கடற்கன்னிக்குச் சான்று எதுவும் கிடைத்ததில்லை என்று அமெரிக்கக் கடலாய்வு நிறுவனமே அறிவிக்க நேர்ந்தது. அந்த ரயில் பாதையில் இருந்த சயாம் பாலத்தின் கதையும் அப்படியே. 1957-இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் படம் இலங்கையில் எடுக்கப்பட்ட கற்பனைக் கதை. பாலம் உண்மையில் நின்றது மே குலோங் ஆற்றின்மேல். படத்தில் கேட்ட குவாய் ஆற்றைத் தேடிப் பயணிகள் வரத் தொடங்கியதால், 1960 வாக்கில் ஆற்றின் அப்பகுதிக்கே குவாய் யாய் என்று பெயர் மாற்றினார்கள்.

உங்கள் பிள்ளையைத் தடுக்க வேண்டாம், பக்கத்தில் அமருங்கள். பின்னணிக்குரல் செய்தியாகச் சொல்லாமல் ‘இருக்குமோ’, ‘கூடுமோ’ என்று கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்தால், கையில் சான்று இல்லை என்று காட்டிக் கொடுங்கள். பேசுகிறவர் யார், என்ன படித்தவர் என்று திரையில் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் ஒற்றை வரி பேசி மறைந்தால், அதற்கு முன்னும் பின்னும் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்கப் பழக்குங்கள்.

அந்த ஒளிபரப்புக்குப் பிறகு பெரியப்பா சயாமைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறு ஆண்டு பல்கலைக்கழக மாணவி ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடும் முறையான கடிதத்தோடும் வந்தார். பெரியப்பா அவருக்குத் தேநீர் கொடுத்து உபசரித்து, ஒன்றும் நினைவில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். 2011-இல் காலமானார். வெட்டிய பகுதிகளைத் தரும்படி அந்த நிறுவனத்திற்கு இரண்டு முறை எழுதினேன், பதில் வரவில்லை. அவர் சொன்ன ஒன்பது பெயர்களில் ஐந்து என் நினைவில் உள்ளன. அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மற்ற நால்வரின் உறவினர் யாராவது சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருந்து இதைப் படித்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.