‘லஜி’ என்று முடிந்தால் டாக்டர் படிப்பா? ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்தேன். மகள் பயாலஜி-மேத்ஸ் குரூப்பில் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நீட் மதிப்பெண் எம்.பி.பி.எஸ்ஸுக்கு எட்டவில்லை. அட்மிஷன் ஏஜென்ட் ஒருவர் ஒரு தாளில் ரேடியாலஜி, ஆப்டோமெட்ரி, சைக்காலஜி என்று மூன்று பெயர்களை எழுதிக் கொடுத்து, “கார்டியாலஜி மாதிரி இதுவும் ஒரு லஜிதாம்மா, எல்லாம் டாக்டர் லைன்தான்” என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா என்று கேட்கிறீர்கள்.

உண்மையில்லை. அதற்காக அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். மூன்றுமே உருப்படியான படிப்புகள்தான். அவர் விற்கும் விதத்தில்தான் கோளாறு.

நம் ஊர்ப் பெயர்களை நினைத்துப் பாருங்கள். ‘பட்டினம்’ என்று முடிந்தால் பெரும்பாலும் கடலோர ஊர் என்று சொல்லிவிடலாம். அங்கே கலெக்டர் ஆபீஸ் இருக்குமா என்பதை அந்தப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. நாகப்பட்டினத்தில் இருக்கிறது, காயல்பட்டினத்தில் இல்லை. (கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காவேரிப்பட்டினத்துக்காரர்கள் கோபிக்க வேண்டாம், அங்கே கடலே இல்லை.) படிப்புகளின் பெயரும் இப்படித்தான். கடைசி ஓசை வேலையின் தன்மையைக் காட்டும், பதவியைக் காட்டாது.

‘லஜி’ கிரேக்க மொழியில் ‘லோகோஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒன்றைப் பற்றிய பேச்சு, ஆராய்ச்சி, அறிவு என்று பொருள் விரியும். நாம் ‘இயல்’ என்று போடுகிறோம். கார்டியாலஜி இதயத்தைப் பற்றியது, கிரிமினாலஜி குற்றத்தைப் பற்றியது, எண்டமாலஜி பூச்சிகளைப் பற்றியது. கார்டியாலஜிஸ்ட் ஆக எம்.பி.பி.எஸ் ஐந்தரை ஆண்டு, எம்.டி மூன்று, டி.எம் மூன்று என்று பதினொன்றரை ஆண்டு படிக்க வேண்டும். காது கேட்கும் திறனைப் பரிசோதித்து, கேட்புக் கருவி பொருத்திக் கொடுக்கும் ஆடியாலஜிஸ்ட்டுக்கு எம்.பி.பி.எஸ் தேவையில்லை. பி.ஏ.எஸ்.எல்.பி என்ற நான்காண்டுப் பட்டம் போதும். இரண்டு பேரும் ‘லஜிஸ்ட்’தான்.

இப்போது ரேடியாலஜிக்கு வருவோம். குழப்பம் அதிகம் நடப்பது இங்கேதான். ‘கிராஃபி’ என்றால் எழுதுவது, பதிவு செய்வது. ரேடியோகிராஃபி என்பது கதிர்களைக் கொண்டு உடலின் உள்ளே இருப்பதைப் படமாகப் பதிவு செய்யும் வேலை. எக்ஸ்ரே, சி.டி, எம்.ஆர்.ஐ அறைகளில் நோயாளியைச் சரியாகப் படுக்கவைத்து, அளவு பார்த்து, படம் எடுப்பவர் ரேடியோகிராஃபர். அந்தப் படத்தைப் பார்த்து இது கட்டியா, கசிவா என்று சொல்லி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவர் ரேடியாலஜிஸ்ட். இவர் எம்.பி.பி.எஸ் முடித்து, எம்.டி ரேடியோடயக்னோசிஸ் படித்தவர்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பட்டத்தின் பெயர் பி.எஸ்சி ரேடியோகிராஃபி அண்டு இமேஜிங் டெக்னாலஜி. பெயரிலேயே உண்மை இருக்கிறது. ஆனால் சில தனியார் நிறுவனங்கள் ஏறக்குறைய இதே பாடத்தை பி.எஸ்சி ரேடியாலஜி என்ற பெயரில் நடத்துகின்றன. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் விளம்பரத்தில் ‘லஜி’ எடுப்பாக இருக்கிறது என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் மகள் இதைப் படித்தால் ரேடியாலஜிஸ்ட் ஆக மாட்டாள். நல்ல ரேடியோகிராஃபர் ஆவாள். அது கௌரவமான வேலை, மருத்துவமனை இருக்கும் ஊரெல்லாம் ஆள் தேவைப்படும் வேலை. கதிர்வீச்சு பயம் உங்களுக்கு இருக்கும். இந்த வேலையில் இருப்பவர்கள் டி.எல்.டி பேட்ஜ் என்ற ஒன்றை அணிந்திருப்பார்கள். உடலில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அதை வைத்து அவ்வப்போது அளந்து பார்ப்பார்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது அங்கே மாணவர்களும் ஊழியர்களும் அதை அணிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு கல்லூரி பார்க்கலாம்.

இதே வரிசையில் ‘சோனோகிராஃபி’ என்று குறுகிய காலப் படிப்பு எதையாவது யாராவது காட்டினால் ஜாக்கிரதை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கும் இந்த வேலை வெளிநாடுகள் சிலவற்றில் தனித் தொழில். நம் நாட்டில் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டத்தின்படி, கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கத் தகுதி பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். அந்த டிப்ளமோவை நம்பி லட்சம் கட்டினால் கடைசியில் ஸ்கேன் அறையில் டோக்கன் கொடுக்கும் வேலைதான் மிஞ்சும்.

அடுத்து ஆப்டோமெட்ரி. ‘மெட்ரி’ என்றால் அளத்தல். ஜியோமெட்ரியில் நிலத்தை அளந்தார்கள், ஆப்டோமெட்ரியில் பார்வையை அளக்கிறார்கள். கண் விஷயத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஆஃப்தல்மாலஜிஸ்ட் என்பவர் கண் மருத்துவர், அறுவை சிகிச்சை செய்பவர். ஆப்டோமெட்ரிஸ்ட் பார்வையைச் சோதித்து, கண்ணாடிக்குப் பவர் எழுதி, கான்டாக்ட் லென்ஸ் பொருத்தி, சிக்கல் தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புபவர். ஆப்டிஷியன் அந்தப் பவருக்குக் கண்ணாடி செய்து கொடுப்பவர். பி.ஆப்டம் என்பது பயிற்சி ஆண்டையும் சேர்த்து நான்கு ஆண்டுப் படிப்பு. மூன்று பெயர்களில் உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கணக்கும் பயாலஜியும் இரண்டும் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒளியியல் கணக்கு இந்தப் படிப்பில் நிறைய வரும். மேலும் கண் மருத்துவத்தில் நம் மாநிலத்துக்குத் தனிப் பெயர் இருக்கிறது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் தொடங்கியது, சென்னையில் சங்கர நேத்ராலயா 1978-இல். ஆப்டோமெட்ரிக்கென்றே எலீட் பள்ளி 1985-இல் சென்னையில் வந்துவிட்டது. கற்றுக்கொள்ள நல்ல இடங்களுக்குப் பஞ்சமில்லை. சொந்தமாகக் கடை வைக்கவும் வழி உண்டு என்பதால், வீட்டிலிருந்து ரொம்ப தூரம் அனுப்ப யோசிக்கும் பெற்றோருக்கும் இது ஒத்துவரும்.

மூன்றாவது பெயர் சைக்காலஜி. சைக்காலஜி, சைக்கியாட்ரி இரண்டுக்கும் தலை ஒன்று (‘சைக்’ என்றால் மனம்), வால் வேறு. ‘இயாட்ரி’ என்ற முடிவில் இருப்பது ‘மருத்துவர்’ என்ற கிரேக்கச் சொல். சைக்கியாட்ரி, பீடியாட்ரிக்ஸ், ஜெரியாட்ரிக்ஸ் என இந்த ஓசையில் முடிபவை நம் ஊரில் எம்.பி.பி.எஸ்ஸுக்குப் பிறகு போகிற துறைகள். சைக்கியாட்ரிஸ்ட் மாத்திரை எழுதுவார். சைக்காலஜிஸ்ட் பேசி, சோதனைகள் செய்து, பயிற்சிகள் கொடுத்து உதவுவார். மாத்திரை எழுத மாட்டார். பி.எஸ்சி சைக்காலஜி மூன்றாண்டு முடித்தவுடன் யாரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. முதுகலைப் படிப்பு, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சி, பிறகு அந்தக் கவுன்சிலில் பதிவு என்று பாதை நீளும். மூன்றாண்டில் முடிகிற கதை இல்லை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மகள் அடுத்தவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்கும் சுபாவமுள்ளவளா? அப்படியென்றால் இந்த நீளம் பரவாயில்லை. “மூணு வருஷத்துல வேலை” என்ற கணக்கில் சேர்ப்பதாக இருந்தால் வேண்டாம்.

‘பதி’ என்று முடியும் சொற்கள் மட்டும் கொஞ்சம் வம்பு பிடித்தவை. வலி, துன்பம் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. நியூரோபதி (நரம்பு), ரெட்டினோபதி (விழித்திரை) என்றால் நோய். சர்க்கரை நோயாளிகள் வீட்டில் இந்தப் பெயர்கள் அடிபடும். ஹோமியோபதி, நேச்சுரோபதி என்றால் மருத்துவ முறை. ஓசை ஒன்றாக இருந்தும், ஒன்று வந்துவிட்ட கோளாறு, மற்றொன்று அதற்குப் பார்க்கும் வைத்தியம். ஹோமியோபதிக்கான பி.எச்.எம்.எஸ், நேச்சுரோபதிக்கான பி.என்.ஒய்.எஸ் இரண்டும் பயிற்சி ஆண்டோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் பட்டங்கள். இவை இரண்டையும் ஏஜென்ட் ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. கமிஷன் கணக்காக இருக்கலாம். ‘தெரபி’ என்று முடிபவை சிகிச்சை கொடுக்கும் வேலைகள்: பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி. இவற்றின் சேர்க்கை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. போன வருஷம் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல், இந்த ஆண்டின் ப்ராஸ்பெக்டஸைப் பாருங்கள்.

நர்சிங்கோ ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜியோ மனதில் இருந்தால், படிப்பின் பெயரைவிடப் பாடத்துக்குள் வரும் சொற்களின் வால்தான் முக்கியம். அங்கே ஓசை மாறினால் ஆபத்து. ‘எக்டமி’ என்றால் வெட்டி அகற்றுவது. ‘ஆஸ்டமி’ என்றால் ஒரு திறப்பை ஏற்படுத்தி வைப்பது. ‘ஆட்டமி’ என்றால் கீறித் திறப்பது. கொலெக்டமியில் பெருங்குடலை, முழுதாகவோ பகுதியாகவோ, எடுத்துவிடுகிறார்கள். கொலாஸ்டமியில் பெருங்குடலை வயிற்றுத் தோலில் திறந்து வைத்து, மலம் வெளியே பையில் சேரும்படி செய்கிறார்கள். தியேட்டரில் மாஸ்க் போட்டுக்கொண்டு பேசும் குரலில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் நூலிழைதான். அப்பெண்டிசைட்டிஸில் உள்ள ‘ஐடிஸ்’ அழற்சி, அதாவது வீங்கிச் சிவந்திருக்கும் நிலை. அதற்குச் செய்யும் ஆபரேஷன் அப்பெண்டெக்டமி. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு நர்சிங் போகிற பிள்ளைகள் முதல் ஆண்டில் திணறுவது அறிவுக் குறைவால் அல்ல, இந்தச் சொற்களின் மலைப்பால்தான். முப்பது நாற்பது முன்னொட்டு, பின்னொட்டுகளை இந்த விடுமுறையில் ஒரு நோட்டில் எழுதிப் பழகினால் பாதித் திணறல் போய்விடும். மனப்பாடம் வேண்டாம். மாத்திரை அட்டை, லேப் ரிப்போர்ட், மருத்துவமனை வாசலில் உள்ள போர்டு, எங்கே பார்த்தாலும் பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள்.

மருத்துவத்துக்கு வெளியேயும் இந்தக் கூத்து உண்டு. மீட்டியராலஜி வானிலை பற்றியது. அதன் தலைப்பகுதிக்கு ‘உயரத்தில் உள்ளவை’ என்று பொருள். 1875-இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் வேலை அதுதான். மெட்ராலஜி அளவீட்டியல், மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்கில் பாடமாக வரும், கடைத் தராசுக்கு முத்திரை போடும் துறையின் பெயரிலும் வரும். காஸ்மாலஜி பிரபஞ்சம், காஸ்மெட்டாலஜி அழகுக்கலை. அஸ்ட்ரானமி பற்றியும் மகள் கேட்டிருக்கிறாள், நீங்கள் அதை அஸ்ட்ராலஜி என்று எழுதியிருக்கிறீர்கள். ஜோசியம் கற்க அவள் ஆசைப்படவில்லை, பயப்படாதீர்கள். ‘நாமி’யில் இருப்பது நியதி, ஒழுங்கு என்ற பொருள். அவள் கேட்பது 1899-இல் தொடங்கிய, சூரியனை ஆராயும் கொடைக்கானல் ஆய்வகத்திலும், திருப்பத்தூர் மாவட்டம் காவலூர் தொலைநோக்கியிலும் நடக்கிற வானியல். அதற்கு வழி பி.எஸ்சி இயற்பியல்.

இயற்பியல் பேச்சு வந்ததால் உங்கள் ஏஜென்ட் தாளில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபிசிஷியன் மருத்துவர், ஃபிசிசிஸ்ட் இயற்பியலாளர். மெடிக்கல் ஃபிசிசிஸ்ட் என்று ஒருவர் இருக்கிறார். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் பிரிவில், கட்டியின் மேல் எவ்வளவு, பக்கத்து உறுப்பில் எவ்வளவு என்று டோஸ் கணக்குப் போடுபவர். பி.எஸ்சி இயற்பியலுக்குப் பிறகு எம்.எஸ்சி மெடிக்கல் பிசிக்ஸ், அண்ணா பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. மருத்துவமனையிலும் இருக்க வேண்டும், கணக்கும் போட வேண்டும் என்கிற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரிந்து குறைவு. ஆனால் பி.எஸ்சியில் இயற்பியலை ஏனோதானோ என்று படித்தால் இந்தப் பக்கம் வர முடியாது.

சரி, பணம் கட்டும் முன் என்ன செய்வது? ஏஜென்ட்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பட்டச் சான்றிதழில் அச்சாகும் முழுப் பெயர் என்ன, எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது? படிப்பை முடித்தவர் எந்தக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும்? மருத்துவமனையில் அந்த வேலையின் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது இந்தப் பட்டம் வாங்கியவரா, வேறொருவரா? மூன்றாவது கேள்விக்கு அவர் மழுப்புவார். அப்போது உங்கள் ஊர் மருத்துவமனையின் எக்ஸ்ரே அறைக்கோ கண் பிரிவுக்கோ மகளை அழைத்துப் போய், அங்கே வேலை செய்பவர்களிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். கூட்டம் குறைந்த மதிய நேரமாகப் போனால் நின்று பதில் சொல்வார்கள்.

அரசுக் கல்லூரிகளின் துணை மருத்துவப் படிப்புகளுக்கு மருத்துவத் தேர்வுக் குழுவே விண்ணப்பம் வாங்குகிறது. அதற்கு ஏஜென்ட் தேவையே இல்லை. அந்த அறிவிப்பு வரும்வரை ஒரிஜினல் சான்றிதழ்களை யார் கையிலும் கொடுக்க வேண்டாம், ஜெராக்ஸ் கொடுத்தால் போதும்.