முட்டம் பாறை நத்தைக்கு எந்தப் பெயர்?

கேள்வி: நான் குளச்சலைச் சேர்ந்த முதுகலை விலங்கியல் மாணவி. ப்ராஜெக்ட்டுக்காக முட்டம் பாறைகளிலும் குளச்சல் தூண்டில் வளைவுக் கற்களிலும் கடல் நத்தைகள் சேகரித்தேன். பழைய நூலில் உள்ள படங்களைப் பார்த்து எல்லாவற்றையும் ‘தைஸ்’ பேரினம் என்று குறித்தேன். மூன்றை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினேன். தூண்டில் வளைவு நத்தை ‘இண்டோதைஸ் லாசெரா’வுடன் 99 சதவீதம் ஒத்துப்போனது. முட்டம் நத்தை ஒன்று 91 சதவீதம்தான், அதுவும் வேறொரு பேரினத்துடன். மூன்றாவதில் ஒன்றுமே வரவில்லை. ஓட்டின் வடிவம் பார்த்துச் செய்த வேலையெல்லாம் வீணா?

பதில்: வீண் இல்லை. மூன்று முடிவுகளுக்கும் காரணம் வேறு வேறு.

முதல் நத்தையில் சிக்கலே கிடையாது. பழைய நூலின் தைஸ் லாசெராவும் இன்றைய இண்டோதைஸ் லாசெராவும் ஒரே உயிர்தான். முடிச்சு முடிச்சாகத் தடித்த ஓடுள்ள பாறை நத்தைகளை உலகம் முழுக்கத் தைஸ் என்ற ஒரே பெயரில் போட்டுவைத்த காலம் ஒன்று இருந்தது. 1993இல் சில்வர்ட் கூல் இவற்றின் இனப்பெருக்க உறுப்புகளையும் ராடுலா என்னும் பல் நாடாவையும் ஒப்பிட்டு, குடும்ப அமைப்பையே மாற்ற வேண்டும் என்று காட்டினார். 2013இல் கிளேர்மான்ட் குழு மைட்டோகாண்ட்ரியா, உட்கரு இரண்டின் மரபணுக்களையும் சேர்த்துப் பார்த்தது. தைஸ் என்ற பெயருக்கு உரிய மூல இனம் அட்லாண்டிக் கடலைச் சேர்ந்தது. நம் பக்கத்து நத்தைகள் பல அந்தக் கிளையில் சேரவில்லை. அதனால் பிறந்த புதிய பேரினம்தான் இண்டோதைஸ். லாசெரா என்ற இனம் மட்டும் அப்படியே நின்றது. ஓட்டைப் பார்த்து இனத்தைச் சரியாகப் பிரித்தவர்கள், அதன் சொந்தபந்தத்தைத்தான் தவறாகக் கணித்திருந்தார்கள். இது எந்த இனம் என்பதும், இதற்கு உறவு யார் என்பதும் இரண்டு கேள்விகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தலைகீழாகவும் நடக்கும். நம் கடற்கரையில் முங்கி எடுத்து விற்கும் பழுப்புச் சிப்பிக்கு 1976இல் பெர்னா இண்டிகா என்று தனி இனப்பெயர் வைத்தார்கள். அது ஆப்பிரிக்கக் கரையிலும் வாழும் பெர்னா பெர்னாவேதான் என்று 2016இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது.

இரண்டாவது நத்தைக்கு வருவோம். 91 சதவீதத்தை அடையாளமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. இனம் கண்டறிய வழக்கமாகப் படிக்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணு சி.ஓ.ஐ. அதில் ஒரே இனத்துக்குள் வேறுபாடு பெரும்பாலும் இரண்டு மூன்று சதவீதத்தைத் தாண்டாது. ஆனாலும் அதை எல்லைக்கோடாக வைக்க முடியாது. நன்றாக மாதிரி எடுத்த கூட்டத்தில் இந்த முறை நன்றாக வேலை செய்கிறது, அரைகுறையாக எடுத்த கூட்டத்தில் தடுமாறுகிறது என்பதைச் சோழிகளை வைத்து 2005இலேயே மேயரும் பாலேயும் காட்டிவிட்டார்கள். உங்கள் நத்தையின் இனம், டிஎன்ஏ வரிசைகளைச் சேர்த்துவைக்கும் ஜென்பேங்க் தரவுத்தளத்தில் இல்லாமலேயே இருக்கலாம். இருப்பதில் பக்கத்தில் உள்ளதைத்தான் கணினி எடுத்துக் கொடுக்கும். அங்குள்ள பெயரும் பதிவேற்றியவர் வைத்த பெயர்தான். இன்னொரு சந்தேகமும் உண்டு: எந்தத் தசையை அனுப்பினீர்கள்? இவை கொட்டலசையும் (பாறையில் ஒட்டி வாழும் பார்னக்கிள்) சிப்பியையும் துளைத்துத் தின்னும் நத்தைகள். குடல் பகுதியை வெட்டியிருந்தால் இரையின் டிஎன்ஏ கலந்திருக்கும். பாதத் தசைதான் பாதுகாப்பு.

மூன்றாவது அநேகமாகப் பதப்படுத்தியதில் கெட்டிருக்கும். ஃபார்மலினில் போட்டிருந்தால் அத்தோடு சரி. ஆல்கஹாலில் அப்படியே போட்டாலும் நத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மூடியை இறுக்கிவிடும். ஆல்கஹால் உள்ளே போகாது, உடல் அழுகும். வழுவழுப்புச் சளியும் டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆரைக் கெடுக்கும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 75 கிராம் மெக்னீசியம் குளோரைடு கரைத்து, நத்தையை அதில் சில மணி நேரம் விடுங்கள். உடல் தளர்ந்து மூடி தானாக விலகும். முதலில் ஓட்டை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். நுனியிலிருக்கும் கரு ஓட்டை, அதாவது நத்தை கருவாக இருந்தபோது உருவான சின்ன ஓட்டை, மறக்காதீர்கள். அப்புறம் பாதத்தில் ஒரு துண்டு வெட்டி 95 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். இதற்குப் பிறகுதான் மற்ற உறுப்புகளைத் தொட வேண்டும். உடலை வெளியே எடுக்கும்போது வெளிர்மஞ்சள் நீர் வடியும். வெளிச்சம் பட்டதும் பச்சையாகி, பிறகு ஊதாவாக மாறும். பூண்டு போன்ற வாடை அடிக்கும். அந்த ஊதாவே முள்ளிச் சங்குக் குடும்பத்துக்கு ஓர் அடையாளம். துதிக்கையை வெட்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்தால் தசை கரைந்து ராடுலா மட்டும் மிஞ்சும். ஒரு வரிசைக்கு மூன்று பற்கள்: நடுவில் முனைகள் கொண்ட ஒன்று, இரு பக்கமும் அரிவாள் மாதிரி ஒவ்வொன்று. நடுப்பல்லின் முனைகளை வரைந்து வையுங்கள். முட்டத்தில் அலை அடிக்கும் பாறைக்கும் தூண்டில் வளைவின் அமைதியான பக்கத்துக்கும் ஏற்ப ஓட்டின் தடிப்பும் வாயின் அகலமும் மாறலாம். நடுப்பல் அவ்வளவு எளிதில் மாறாது.

துறைமுகத்தில் எடுத்தவற்றில் ஒன்றைக் கவனியுங்கள். படகுப் பெயிண்ட்டில் சேர்த்துவந்த டிபிடி என்ற தகரச் சேர்மத்தால் பெண் நத்தைக்கும் ஆண்குறி முளைக்கும். உலக அளவில் 2008இல் தடை நடைமுறைக்கு வந்தாலும் அது சேற்றில் நீண்ட நாள் தங்கும். ஆண்குறியின் வடிவத்தை வைத்து இனம் பிரிக்கும் முன், முட்டைக்கூடு செய்யும் சுரப்பி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெண். அந்த அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சி.ஓ.ஐ. தாய் வழியில் மட்டும் வருவதால், முட்டம் நத்தைக்கு 28எஸ் என்ற உட்கரு மரபணுவையும் படிக்கக் கேளுங்கள். இரண்டும் ராடுலாவும் ஒரே பக்கம் சொன்னால் துணிந்து பெயர் எழுதலாம். அதுவரை, முள்ளிச் சங்குக் குடும்பத்துக்குள் இந்த நத்தைகள் அடங்கும் பிரிவின் பெயரில் “ராபானினே துணைக்குடும்பம், இனம் உறுதியாகவில்லை” என்றே அறிக்கையில் போடுங்கள். அதற்காக எந்த நல்ல தேர்வாளரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார். இன்று செல்லும் பெயர் எது என்று, மெல்லுடலிகளின் பெயர்களைப் பட்டியலிடும் மொலஸ்காபேஸ் தளத்தில் சரிபாருங்கள். டிஎன்ஏ எடுத்த அதே நத்தையின் ஓடு, மூடி, ராடுலா எல்லாவற்றுக்கும் ஒரே எண் போட்டு, இடம், தேதியோடு துறை அருங்காட்சியகத்தில் ஒப்படையுங்கள். ஜென்பேங்கில் பதிவேற்றும்போதும் அதே எண்ணைக் குறிப்பிடுங்கள்.